பொய்யாமொழி யாருக்குச் சொந்தம்?

திருக்குறளுக்கு நம் முன்னோர் சூட்டிய பெயர்களுள் ஒன்று 'பொய்யாமொழி'. பொய் என்றால் புளுகு மட்டும் அல்ல. பருவமழை வராமல் போனால் 'வானம் பொய்த்துவிட்டது' என்கிறோம். ஆக, என்றைக்கும் கைவிடாத சொல்லே பொய்யாமொழி. தமிழ் இலக்கணமும் சொல்லில் வரும் பிழையை 'வழு' என்றும், பிழையற்ற நிலையை 'வழாநிலை' என்றும் பிரிக்கிறது. பிழைதான் என்றாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வதற்கு 'வழுவமைதி' என்று பெயர்.

இவை எல்லாம் சொல்லுக்குத் தரப்பட்ட சிறப்புகள். ஒரு மனிதருக்கு அந்தச் சிறப்பைத் தர முடியுமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் 'தவறா வரம்' என்ற வழக்கு உண்டு. போப்பாண்டவருக்கு அந்த வரம் உண்டென்று 1870ஆம் ஆண்டில் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதற்கும் எல்லை வகுத்தார்கள். விசுவாசம், ஒழுக்கம் ஆகியவை குறித்துத் திருச்சபை முழுமைக்கும் அவர் இறுதியாக வரையறுத்துப் போதிக்கும்போது மட்டுமே அது பொருந்தும்.

எல்லையே இல்லாத தவறா வரம் ஒன்று நம் தோட்டங்களில் இருந்தது. அதைப் பெற்றிருந்தவர் தோட்டத் துரை.

கோலசிலாங்கூர் வட்டாரம் ரப்பரும் செம்பனையும் நிறைந்த பூமி. பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். சிலாங்கூரின் இத்தகைய தோட்டங்களில் காடழித்து, நட்டு, பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விடியற்காலைப் பெரட்டில் கங்காணியும் கிராணியும் சொல்வது துரையின் சொல். அதை எதிர்த்துக் கேட்க ஆளில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். துரையின் சொல் சரியா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

1941இல் அந்தக் கேள்வி எழுந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. முன்னின்றவர் 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச்.நாதன். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கு முடிவு ஆகியவை கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்!

காசு செலவில்லாத கோரிக்கை அது. ஆனால் துரையின் தவறா வரத்தை அசைத்துப் பார்த்தது அதுதான். அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவசரநிலை பிரகடனமாகி, துருப்புகள் இறங்கின. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர்.

'பொய்யாமொழி' என்று போற்றப்படும் திருக்குறள் என்ன சொல்கிறது? சொன்னவர் யார் என்று மயங்காமல், சொன்னதில் மெய் இருக்கிறதா என்று பார் என்கிறது. தன்னையும் சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கும் நூலுக்குத்தான் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. கேள்வி கேட்டவனைச் சுட்ட அதிகாரத்துக்கு நிலைக்கவில்லை.

வீட்டில் பெரியவர் சொன்னால் சரி, மேடையில் தலைவர் சொன்னால் சரி என்று இன்றும் தலையாட்டுகிறோம். பெரியவருக்கு மரியாதை தருவோம்; அது நம் பண்பாடு. ஆனால் தவறா வரத்தை எந்த மனிதருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்க மறுத்த நம் பாட்டன்மார் விட்டுச்சென்ற பாடம் அது.