இரண்டு வித்தை கற்ற மந்திரவாதி

வாள் பிடித்துப் பழகிய மனிதன் மந்திரமும் கற்க ஆசைப்பட்டால், 1978-ல் அவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை கடுமையானது. பழைய தொழிலுக்கு வேண்டிய ஆற்றல் 15-க்கும், புதிய தொழிலுக்கு வேண்டியது 17-க்கும் குறையக் கூடாது. பழைய தொழிலில் அதற்கு மேல் ஒரு படிகூட ஏற முடியாது. புதியதில் முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய லெவலைத் தாண்டுவதற்குள் அவசரத்துக்குப் பழைய திறமையைக் காட்டிவிட்டால், அந்தப் பயணத்தின் அனுபவப் புள்ளிகள் மொத்தமும் போயிற்று. ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு கேரி கைகாக்ஸ் எழுதிய ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ சொன்ன விதி இது.

இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மந்திரவாதி இன்னொரு கிளாஸில், அதாவது இன்னொரு தொழிலில், சேர்ந்துவிடுகிறார். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுப் பேரம் இருக்கிறது. இரண்டு வித்தை கற்பவர் எதை இழக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை விதிநூலும் வேறு வேறு விலை சொல்லியிருக்கிறது. அந்த விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களே இரண்டு தொழில் சேர்க்கும் மல்டிகிளாஸில் ஜெயித்தார்கள்.

கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் முதல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெட்டியை வெளியிட்டபோது இந்தச் சிக்கல் முழுதாக உருவாகவில்லை. எல்ஃப் இனத்தவர் ஒரு பயணத்தில் வீரராகப் போகலாம், அடுத்ததில் மந்திரவாதியாகப் போகலாம், அவ்வளவுதான். ஆனால் மந்திரத்தை எண்ணி வைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. ஜாக் வான்ஸ் 1950-ல் எழுதிய ‘தி டையிங் எர்த்’ கதைகளில், மனத்தில் ஏற்றிய மந்திரம் உச்சரித்த கணமே மறந்துபோகும். கைகாக்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். நாளொன்றுக்கு இந்தத் தரத்தில் இத்தனை மந்திரம் என்று கணக்கு வந்தது. மல்டிகிளாஸ் கணக்கெல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

மனிதருக்கு அத்தனை கெடுபிடி காட்டிய 1978 விதிநூல், எல்ஃப் போன்ற மற்ற இனத்தாருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸில் வளர அனுமதி தந்தது. கிடைக்கும் அனுபவப் புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்குப் பெரிய நஷ்டமாகத் தெரியும். கணக்குப் போட்டால் கதை வேறு. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மந்திரவாதி 5-ஆம் லெவலை எட்ட 20,000 புள்ளிகள் வேண்டும்; 6-ஆம் லெவலுக்கு 40,000. ஆகவே 40,000 புள்ளி சேர்த்த தனி மந்திரவாதி 6-இல் நிற்கும்போது, பாதியைப் பூசாரித் தொழிலுக்குக் கொடுத்தவர் 5-இல் நிற்பார். ஃபயர்பால் போன்ற மூன்றாம் தர மந்திரங்கள் 5-ஆம் லெவலிலேயே வந்துவிடுகின்றன. புள்ளியில் பாதி போனாலும், படியில் ஒன்றுதான் போகிறது. தொடக்க லெவல்களில் தேவை இரட்டிப்பாக ஏறும் அட்டவணை தந்த சலுகை இது. மேல் லெவல்களில் ஏற்றம் சீராகிவிடும். அங்கே இடைவெளி விரியும்.

கம்ப்யூட்டர் இந்தப் பேரத்துக்குள் சீக்கிரமே வந்துவிட்டது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் உருவாக்கிய ‘விஸார்ட்ரி’ 1981-ல் வெளிவந்தது. அதில் பிஷப் என்பவர் இரண்டு வகை மந்திரங்களையும் கற்பார், மெதுவாக. பொறுமை இல்லாதவர்கள் வேறு வழி பிடித்தார்கள்: முதலில் மந்திரவாதியாக எல்லாவற்றையும் கற்றுமுடித்து, பிறகு பூசாரியாக மாறினார்கள். லெவல் ஒன்றுக்கு விழும். கற்ற மந்திரங்கள் கூடவே வரும். ஜப்பானில் 1988-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 3’ இந்தக் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைக் கோயிலுக்குள் கொண்டுபோனது. 20-ஆம் லெவலை எட்டியவர் அங்கே தொழில் மாறலாம். ஆற்றல்கள் பாதியாகும், மந்திரங்கள் தங்கும். இருவகை மந்திரமும் அறிந்த ஞானியாக மாற எல்லாருக்கும் ஒரு நூல் தேவை. சண்டையில் கோமாளித்தனம் செய்து காலம் கழிக்கும் விளையாட்டுப்பிள்ளைக்கு மட்டும் அந்த நூல் வேண்டியதில்லை. யாரும் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் ஆளை 20 லெவல் சுமந்தால் ஞானி கிடைப்பார் என்பது விளையாட்டு வடிவமைப்பில் மிக அழகான விதிகளில் ஒன்று.

பயோவேர் நிறுவனம் 1998-ல் ‘பால்டர்ஸ் கேட்’ கம்ப்யூட்டர் விளையாட்டையும் 2000-ல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டபோது, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பழைய விதிகள் புதிய தலைமுறையின் கைக்கு வந்தன. இரண்டாம் பாகத்தில் சர்க்கஸ் கூடாரத்தில் சந்திக்கும் ஏரி, சிறகுகளை இழந்த எல்ஃப். பூசாரியும் மந்திரவாதியும் அவளே. மனிதர்களுக்கோ பழைய கடும் விதிதான். அதற்குள்ளும் ஒரு பொன்னான வழியை ஆட்டக்காரர்கள் கண்டார்கள்: கென்சாய் எனும் வாள்வீரனை 9-ஆம் லெவல்வரை வளர்த்து, பிறகு மந்திரவாதியாக்குவது. கென்சாய் கவசம் அணியக் கூடாது. மந்திரவாதியும் கவசத்தோடு மந்திரம் போட முடியாது. இரண்டு தடையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை. வீரன் 9-ஆம் லெவலை அடைய 250,000 புள்ளிகள். மந்திரவாதி 10-ஐ எட்டிப் பழைய வாள்வித்தையை மீட்க இன்னொரு 250,000. முதல் பாகத்தின் உச்சவரம்பு 89,000 என்பதால் அங்கே இது நடக்காது. இரண்டாம் பாகத்தில் 2,950,000 வரை இடமிருந்தது.

அதே 2000-ல் வந்த விதிநூலின் மூன்றாம் பதிப்பு எல்லாக் கதவுகளையும் திறந்தது. எந்த இனத்தவரும் எந்த லெவலிலும் எந்தக் கிளாஸிலும் சேரலாம். சுதந்திரம் கிடைத்த அந்தப் பதிப்பில்தான் மந்திரவாதிகள் மிக மோசமாக அடிபட்டார்கள். 10-ஆம் லெவல் மந்திரவாதிக்கு, அதாவது விஸார்டுக்கு, ஐந்தாம் தர மந்திரங்கள் வரும். விஸார்டில் 5, பூசாரியான கிளெரிக்கில் 5 எடுத்தவருக்கு இரண்டிலும் மூன்றாம் தரத்தோடு நிறுத்தம். ஆலைகளில் ஃபிட்டர் வேலையும் வெல்டிங்கும் தெரிந்தவருக்குக் கிராக்கி உண்டு. இரண்டிலும் அரைகுறை என்றால் இரண்டுக்கும் கூப்பிடமாட்டார்கள். அந்த விஸார்ட்-கிளெரிக்கின் நிலைமை அதுதான். விதி எழுதியவர்களுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 2003-ல் திருத்திய பதிப்பில் ‘மிஸ்டிக் தியர்ஜ்’ என்ற தனிக் கிளாஸைச் சேர்த்தார்கள். இரண்டிலும் மூன்று லெவல் முடித்தவர் அதில் சேர்ந்தால், அதன் ஒவ்வொரு லெவலும் இரண்டு வித்தையையும் சேர்த்தே வளர்க்கும். மூன்று லெவல் பின்தங்கல் மட்டும் கடைசிவரை தொடரும்.

உண்மையான தீர்வு 2014-ல், ஐந்தாம் பதிப்பில் வந்தது. அது மந்திரம் தெரிவதையும் மந்திரம் போடும் சக்தியையும் பிரித்துவிட்டது. 5 விஸார்ட், 5 கிளெரிக் என்றால் தெரிந்தது மூன்றாம் தரம்வரைதான். மந்திரம் போடும் சக்தியான ஸ்பெல் ஸ்லாட் மட்டும் 10-ஆம் லெவல் மந்திரவாதிக்கு உரியது. ஐந்தாம் தர ஸ்லாட்டில் ஃபயர்பால் போட்டால் எட்டுப் பகடைக்குப் பதில் பத்துப் பகடைச் சேதம். நஷ்டம் இருக்கிறது, ஆனால் நியாயமான நஷ்டம்.

லாரியன் நிறுவனம் ஆகஸ்ட் 2023-ல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ இந்த விதிமேல் நிற்கிறது. அதன் உச்சம் 12-ஆம் லெவல். முழு மந்திரவாதிக்கு ஆறாம் தர மந்திரம் 11-இல் வந்துவிடும். ஆகவே விஸார்டில் 11, கிளெரிக்கில் 1 எடுப்பவர் மந்திரத் தரத்தில் எதையும் இழப்பதில்லை. 12-ஆம் லெவலின் ஃபீட் எனும் கூடுதல் திறமை ஒன்றுதான் போகும். பதிலுக்குக் கனத்த கவசம் தரும் டொமைன் (கிளெரிக்கின் உட்பிரிவு) ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சார்சரர் எனும் இன்னொரு மந்திரக் கிளாஸில் 10, டெம்பஸ்ட் கிளெரிக்கில் 2 என்று போகிறவர் ஆறாம் தர மந்திரங்களை விட்டுக்கொடுத்து, ஈரமான எதிரிமேல் இடிமின்னலை முழுச் சேதத்தோடு இறக்கும் வரத்தை வாங்குகிறார். அதுவும் நல்ல பேரமே. 6-க்கு 6 என்று சரிபாதியாகப் பிரிப்பது மட்டும் இந்த விளையாட்டில் சுத்த மந்திரவாதிக்கு உதவுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு கிளாஸும் மந்திர வலிமையை ஒரு குறிப்பிட்ட ஆற்றலிலிருந்து எடுக்கிறது. விஸார்டுக்கு அறிவுக்கூர்மை, கிளெரிக்குக்கு விவேகம். சார்சரர், வார்லாக், பார்டு, பாலடின் நால்வருக்கும் கவர்ச்சி ஆற்றல் ஒன்றே. அதனால்தான் இந்த நால்வரின் கூட்டணிகள் இத்தனை புகழ்பெற்றன. இரண்டாவது கிளாஸைத் தொடுமுன் முதலாவதில் 5-ஆம் லெவலை முடித்துவிடுங்கள். மூன்றாம் தர மந்திரம் கையில் இல்லாமல் கிளை பிரிய வேண்டாம். கணக்குத் தவறினாலும் பரவாயில்லை. முகாமில் நிற்கும் விதர்ஸிடம் 100 தங்கக் காசு கொடுத்தால், முதல் லெவலிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.