கொள்ளிடத் திட்டும் கனடாத் தீவும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் கனடாவைப் பற்றி ஒரு பாடம் உண்டு. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஓர்லெயான் என்றொரு தீவு. 1935-ல் பாலம் திறக்கும் வரை கோடையில் படகிலும், ஆறு கெட்டியாக உறைந்த பின் பனி மேல் குதிரை வண்டியிலும் கியூபெக் நகரம் போய் வந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, பனிக்கட்டிகள் மிதந்து வரும் நாட்களில்தான் ஆபத்து. தபாலும் சாமானும் கொண்டு போகிறவர்கள் தோணியைக் கட்டி மேல் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் தெரிந்ததும் தாவி ஏறித் துடுப்புப் போடுவார்கள். அது இன்று கியூபெக் திருவிழாவில் பந்தயமாகிவிட்டது.

அப்போது அது எனக்கு வெறும் கதை. சிதம்பரம் பக்கம் குமாஸ்தாவாக வந்த பிறகுதான் நமக்கும் அப்படி ஊர்கள் உண்டென்று தெரிந்தது.

கொள்ளிடத்துக்கும் பழைய கொள்ளிடத்துக்கும் நடுவே திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் இருக்கின்றன. காவிரியின் மிச்சத் தண்ணீரெல்லாம் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில்தான் வருகிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் வீராணத்துக்கும் வாய்க்கால்களுக்கும் போனது போக மீதி, இந்தத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு பக்கம். ஆடியில் குடகில் மழை பெய்து மேட்டூர் நிரம்பினால், நம்மூரில் வெயில் காயும்போதே வெள்ளம் வரும். 2018, 2022 ஆகஸ்டுகளில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

என் உத்தியோக காலத்தில் ஒரு வருஷம், திட்டிலிருந்து ஒரு பெரியவர் மனுவோடு வந்தார்.

"ஐயா, மேலே தண்ணி தொறந்துட்டாங்களாம். அடுத்த மாசத்து அரிசியும் சீமெண்ணெயும் இப்பவே குடுத்துட்டா, வடியற வரைக்கும் நாங்க பாத்துக்குவோம்."

"ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி பட்டுவாடா பண்ண விதி இல்லைங்க" என்றேன். மேலதிகாரியிடம் கேட்டிருக்கலாம். மனுவைக் கட்டில் வைத்துக் கட்டினேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் சூழ்ந்தது. இழுப்பு அதிகம், படகு விட முடியவில்லை. நான்கு ராத்திரி அங்கே விளக்கில்லை. கனடாக்காரர்களாவது ஆறு உறையும் முன்பே மாவும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இவர்கள் வாங்க வந்தார்கள், நான்தான் திருப்பி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் அதே அரிசியை, அதே சீமெண்ணெயைப் படகில் ஏற்றி, பட்டியலோடு நானும் போனேன். கரையில் இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். முதலில் எனக்குத்தான் கை கொடுத்தார்.

"பாத்து எறங்குங்க ஐயா, சேறு வழுக்கும்."

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டை தூக்கப் போய்விட்டார்.

இன்றும் மேட்டூர் 120 அடியை எட்டியது என்று செய்தி வந்தால், நான் கட்டி வைத்த அந்த மனுதான் ஞாபகத்துக்கு வருகிறது.