கடலாமைக் கட்டி வைரஸின் மரபணு வேறுபாடு

கெலோனிட் ஹெர்பிஸ் வைரஸ் 5 என்பது, கடலாமைகளின் கழுத்து, துடுப்புக்கால், கண், வாய் ஆகிய இடங்களிலும் சில வேளைகளில் உள்ளுறுப்புகளிலும் காலிஃபிளவர் போன்ற கட்டிகள் தோன்றும் ஃபைப்ரோபாப்பிலோமட்டோசிஸ் நோயோடு தொடர்புடைய வைரஸ் ஆகும். தமிழக மீனவர் பேராமை என அழைக்கும் பச்சைக் கடலாமையை இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. கட்டிகள் பெரும்பாலும் புற்றுத்தன்மை அற்றவை. ஆயினும் கண்ணை மறைத்தும் வாயை அடைத்தும் விலங்கைப் பட்டினியில் தள்ளக்கூடியவை என்பதால் இது கொடிய நோயே ஆகும்.

அமெரிக்காவின் கீ வெஸ்ட் கடலில் பிடிபட்டு நியூயார்க் மீன்காட்சியகத்தில் வளர்ந்த ஓர் ஆமையைக் கொண்டு 1938இல் ஸ்மித், கோட்ஸ் இருவரும் இக்கட்டிகளை முதன்முதலில் அறிவியல் இலக்கியத்தில் விவரித்தனர். நெடுங்காலம் அரிதாகவே காணப்பட்ட நோய், 1980களில் புளோரிடாவிலும் ஹவாயிலும் கொள்ளைநோயாகப் பரவியது. கட்டியைக் கூழாக்கி, உயிரணுக்களை வடிகட்டி நீக்கிய சாறு நலமான ஆமைகளில் கட்டியை உண்டாக்குவதை 1995இல் வெளியான சோதனை நிறுவியபின், நோய்க்காரணி வைரஸ் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆனால் அவ்வைரஸ் ஆய்வகக் கலங்களில் வளர மறுத்ததால், கட்டித் திசுவிலிருந்து பெருக்கியெடுத்த டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டே அதன் இயல்பை அறிய வேண்டியிருந்தது. மரபணு வேறுபாட்டு ஆய்வு இந்த நெருக்கடியிலிருந்தே வளர்ந்தது.

கொள்ளைநோய் திடீரெனப் பெருகியதற்குக் கொடிய புதுத்திரிபு ஒன்று தோன்றியதே காரணம் என்பது இயல்பான ஊகமாக இருந்தது. மரபணுச் சான்றுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. பல கடற்பகுதிகளிலிருந்தும் வெவ்வேறு ஆமையினங்களிலிருந்தும் பெற்ற வைரஸ் வரிசைகளை ஒப்பிட்டபோது, அவை ஆமையின் இனத்தைப் பின்பற்றாமல் அது வாழும் கடலைப் பின்பற்றியே கிளைத்திருந்தன. புளோரிடா ஆமைகளில் மட்டும் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் இனங்காணப்பட்டன. இக்கிளைகள் பிரிந்த காலத்தைக் கணிப்பதில் ஆய்வாளர்கள் பெரிதும் முரண்படுகின்றனர்: 2004ஆம் ஆண்டு ஆய்வொன்று அதனைப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வைக்க, 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று சில நூறு ஆண்டுகளுக்குள் அடக்கியது. எண்கள் இவ்வளவு விலகியிருந்தும் ஒரு செய்தியில் இரண்டும் ஒத்துப்போகின்றன: வகைகள் கொள்ளைநோய்க்கு முன்பே இருந்தவை. ஆகவே வைரஸ் மாறியது என்பதைவிட, அது தங்கும் ஆமையோ சூழலோ மாறியது என்று கருதுவதே பொருத்தமானது.

சுமார் 132 ஆயிரம் கார இணைகளைக் கொண்ட முழு மரபணுத்தொகுதி 2012இல் வெளியானது. பிற ஹெர்பிஸ் வைரஸ்களில் வழக்கமாகக் காணப்படாத சில மரபணுக்கள் அதில் இருந்தன. ஆமைத்தோலைப் போன்று அடுக்கடுக்காக அமைத்த திசுவில் வைரஸை வளர்க்க 2017இல்தான் இயன்றது.

கட்டியற்ற ஆமைகளிலும் வைரஸ் டிஎன்ஏ கிடைத்திருப்பது, அது ஒளிந்துறையும் தன்மையுடையது என்பதைக் காட்டுகிறது. ஆமைகளில் ஒட்டும் ஓசோபிராங்கஸ் அட்டைகளிலும் அந்த டிஎன்ஏ இருப்பதால், அவை தொற்றைக் கடத்தக்கூடும் எனக் கருதப்படுகிறது. ஆழ்கடலிலிருந்து கரையோர மேய்ச்சல் நிலங்களுக்குப் புதிதாக வந்துசேரும் இளம் ஆமைகளிடம் கட்டிகள் பொதுவாக இருப்பதில்லை; கடற்புல்லும் பாசியும் மேயத் தொடங்கிய பின்னரே தோன்றுகின்றன.