போடியாரும் குத்தகையாளரும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் வாழ்ந்த போடியார் பலருடைய வயல்கள் படுவான்கரையிலே கிடந்தன. அவற்றைப் பிறரிடம் ஒப்படைக்கையில் வாய்ச்சொல்லே பெரும்பாலும் உறுதியாயிருந்தது.

அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்நிலையை மாற்றிற்று. குத்தகையாளரின் உரிமை சட்டக் காவல் பெற்று, அவர்தம் வழியினருக்கும் செல்லலாயிற்று. குத்தகைக்கும் வரம்பு வந்தது. குத்தகை கொடாதவரையும் தாமாக நீக்க இயலவில்லையே என்று நிலவுடையோர் மனம் புழுங்கினர். அம்முறையீட்டிலும் நியாயம் உண்டு. எனினும், முன்னர் ஒரே சொல்லால் வெளியேற்றப்பட்ட உழவன் எம்மன்றில் முறையிட்டிருப்பான்?

2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் இத்தகைய பிணக்குகளை விசாரிக்க நியாயசபைகளுக்கு வழிவகுத்தது. விசாரணையென்று வந்துவிட்டால் வாய்ச்சொல் தளர்ந்துவிடும். எழுத்தும் பற்றுச்சீட்டுமே இருதிறத்தாருக்கும் காவலாகும்.