டிக்கியில் வந்த இறக்கை

1973-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஒரு கனவான் பி.எம்.டபிள்யூ. 3.0 சி.எஸ்.எல். என்ற மோட்டார் காரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏராளமான பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காரைப் பெற்றுக்கொண்டு, டிக்கியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே ஒரு பெரிய இறக்கை கிடக்கிறது! காரின் பின்புறத்தில் நிற்கவேண்டிய இறக்கைதான் அது. ஆனால் கம்பெனிக்காரர்கள் அதைக் காரில் பொருத்தவில்லை. கழற்றின நிலையிலேயே டிக்கிக்குள் போட்டு அனுப்பிவிட்டார்கள். வேண்டுமானால் வாங்கியவரே பொருத்திக்கொள்ளலாம். அது அவர் பாடு.

இந்தச் சமாசாரத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. கட்டிலை வாங்கினவன் காலைத் தானே மாட்டிக்கொள்வது போல அல்லவா இருக்கிறது? ஆனால் அந்த இறக்கை எங்கிருந்து வந்தது, அதை ஏன் ஒளித்துக் கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டு போனதில் சிரிப்பு அடங்கிவிட்டது.

இப்போது நம் ஊரிலேயே பையன்கள் சாதாரணக் கார்களின் டிக்கி மூடியில் இந்த மாதிரி ஒன்றை வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஸ்பாய்லர் என்று பெயர். ஸ்பாய்லர் என்றால் கெடுக்கிறவன் என்று அர்த்தம். எதைக் கெடுக்கிறது? காற்றைக் கெடுக்கிறது. ஆகாய விமானத்து இறக்கையின்மேல் சில தகடுகள் உண்டு. அவற்றை நிமிர்த்தினால் காற்றோட்டம் குலைந்து, விமானத்தைத் தூக்கும் சக்தி குறையும். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தரையில் ஓடும் காருக்கு விமானத்தின் சங்கடம் எப்படி வந்தது? காரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டை. மேல்பாகம் வளைந்து எழும்பி, பின்னால் சரிந்து இறங்குகிறது. விமான இறக்கையின் குறுக்குவெட்டும் கிட்டத்தட்ட அதே உருவந்தான். வளைவின்மேல் பாயும் காற்று வேகம் கொள்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கார் மேலே இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்தைப் போல வளர்வது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பத்துக் கிலோ என்றால், 120-இல் நாற்பது கிலோ, 180-இல் தொண்ணூறு கிலோ. பின் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கவேண்டிய நேரத்தில், ஏதோ ஒரு கை அதை மெல்லத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. நேர் சாலையில் இது தெரியாது. வளைவில் தெரியும். தெரிந்த பிறகு செய்வதற்கு நேரம் இருக்காது.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் என்ற ஜெர்மன் சீமான். 1928 மே 23-ஆம் தேதி, பெர்லினிலுள்ள ஆவுஸ் சாலையில், இருபத்து நாலு வாணங்களைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றைக் கொளுத்தி, மணிக்கு 238 கி.மீ. வேகத்தில் பறந்தார். பறந்தார் என்பது உபசார வார்த்தை. பறந்துவிடக் கூடாது என்பதற்காகவே காரின் இரு பக்கமும் குட்டை இறக்கைகள் வைத்திருந்தார்கள். விமான இறக்கையைத் தலைகீழாகத் திருப்பினால் எப்படியோ அப்படி, தரையை நோக்கி அழுத்தும் இறக்கைகள். மனுஷர் உயிரோடு இறங்கினார். ஆனால் வாணவேடிக்கை பார்த்த ஜனங்களுக்கு வாணம் நினைவிருந்ததே தவிர, இறக்கை நினைவில்லை.

பிறகு 1956. மைக்கேல் மே என்ற ஸ்விட்சர்லாந்து இளைஞருக்கு வயது இருபத்தொன்றுதான். நூர்பர்க்ரிங் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தம் போர்ஷே 550 காரைக் கொண்டுவந்தார். ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே, பந்தல் போட்டதுபோல் ஒரு தலைகீழ் இறக்கை! ஓடும்போதே அதன் சாய்வை மாற்றவும் வசதி இருந்தது. ஒத்திகை ஓட்டத்தில் போர்ஷே கம்பெனியின் சொந்தக் கார்களையே அவர் மிஞ்சிவிட்டார் என்பார்கள். அப்புறம் என்ன? கம்பெனிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பந்தய அதிகாரிகள், 'பின்னால் வருகிறவர்களுக்குப் பார்வை மறைக்கிறது' என்று சொல்லி இறக்கையைக் கழற்றச் செய்தார்கள். ஒரு நல்ல யோசனை பத்து வருஷம் கிடப்பில் போவதற்கு இவ்வளவு போதுமாயிருந்தது. பத்திரிகை ஆபீசுகளுக்குக் கதை அனுப்பிப் பழகினவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

டிக்கியின்மேல் வைக்கிற சின்னத் தகடு பிறந்த இடம் இத்தாலி, வருஷம் 1961. ரிச்சி கிந்தர் என்ற அமெரிக்கர் ஃபெராரி கம்பெனியில் சோதனை ஓட்டக்காரராக இருந்தார். உயரம் குறைந்த, சோனியான ஆசாமி. பட்டாளத்தில் இருந்தபோது விமான யந்திர வேலை கற்றவர். ஃபெராரியின் 246 எஸ்.பி. என்ற புதுக் காரை மோன்ஸாவில் ஓட்டிப் பார்த்தபோது, வேகத்தில் அதன் வால் நிலை கொள்ளாமல் அலைந்தது. பின் விளிம்பில் ஒரு தகட்டை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான், கார் சாதுவாகிவிட்டது. அந்த வருஷத்து டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் அந்தக் கார் ஜெயித்தது. பெரிய கண்டுபிடிப்புகள் பெரியதாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? சாண் உயரங்கூட இல்லாத தகரம் அது. கிந்தரின் பெயரை இன்றைக்குப் பந்தயப் பித்தர்கள்கூட அதிகம் சொல்வதில்லை. 1965-இல் மெக்ஸிகோவில் ஹோண்டா கம்பெனிக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைத் தேடிக் கொடுத்தவரும் இதே மனுஷர்தான்.

தகடு இப்படி அடக்கமாக வந்தது. இறக்கை அப்படி வரவில்லை. 1966-இல் டெக்ஸாஸ்காரரான ஜிம் ஹால் தம்முடைய சபாரல் 2ஈ காரில், பின் சக்கரங்களின் அச்சுக்கு மேலேயே இரண்டு நெட்டைக் கால்களை நட்டு, அதன் உச்சியில் இறக்கையைக் கட்டினார். காரில் கிளட்ச் மிதி இல்லாததால் இடது காலுக்கு வேலையில்லை. அந்தக் காலால் ஒரு மிதியை மிதித்தால் நேர் சாலையில் இறக்கை படுத்துக்கொள்ளும், காலை எடுத்தால் வளைவுக்கு நிமிர்ந்துகொள்ளும். அந்த வருஷம் லகூனா ஸேக்காவில் அவருடைய கார்கள் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் தட்டிக்கொண்டு போயின. 1968-இல் ஃபெராரியும் பிராபமும் பெல்ஜியம் கிராண்ட் பிரீக்கு இறக்கையோடு வந்தன. அப்புறம் எல்லோருக்கும் இறக்கை முளைத்துவிட்டது. ஒருவன் ஒரு முழம் என்றால் அடுத்தவன் இரண்டு முழம். அதைத் தாங்கும் கால்களோ குச்சிகள்!

1969 மே 4-ஆம் தேதி, பார்ஸிலோனா நகரத்து மோன்ட்ஷூயிக் குன்றின்மேல் ஸ்பெயின் கிராண்ட் பிரீ நடந்தது. காலின் சாப்மனின் லோட்டஸ் கார்கள் இரண்டு. ஒன்றில் உலக சாம்பியன் கிரஹாம் ஹில். மற்றொன்றில் ஆஸ்திரியக்காரரான யோஹென் ரிண்ட். அந்தப் பாதையில் ஒரு மேடு உண்டு. மேட்டின் உச்சியில் கார் ஒரு கணம் பூமியை விட்டு இலகுவாகும். ஒன்பதாவது சுற்றில் அந்த இடத்தில் ஹில்லின் இறக்கை மடிந்தது. தரையை அழுத்திப் பிடித்திருந்த கை திடீரென்று விட்டுப் போனால் என்ன ஆகும்? கார் வேலியில் மோதிச் சிதறியது. ஹில் காயமின்றி வெளியே வந்தார். உடைந்த காரைப் பார்த்ததுமே அவருக்குக் காரணம் விளங்கிவிட்டது; ரிண்டை நிறுத்தச் சொல்லித் தகவல் அனுப்ப முயன்றார் என்று சொல்வார்கள். முதல் ஆளாக ஓடிக்கொண்டிருந்த ரிண்ட், இருபதாவது சுற்றில் அதே மேட்டுக்கு வந்தார். அதே இறக்கை, அதே விதமாக மடிந்தது. அவருடைய கார் ஹில்லின் உடைந்த காரிலேயே போய் மோதிக் கவிழ்ந்தது. ரிண்டின் முகத்தில் எலும்பு முறிந்தது, உயிர் தப்பினார்.

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த மனுஷர் சும்மா இருக்கவில்லை. இந்த இறக்கைகளைத் தடை செய்யவேண்டும் என்று பத்திரிகைகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தன் முதலாளியின் காரைப் பற்றித் தானே இப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். இரண்டு வாரம் கழித்து மொனாக்கோவில், முதல் நாள் ஒத்திகை முடிந்த கையோடு, நெட்டை இறக்கைகளை அதிகாரிகள் தடை செய்துவிட்டார்கள். இறக்கை இல்லாத லோட்டஸில் ஜெயித்தவர் கிரஹாம் ஹில். ரிண்ட் அந்தப் பந்தயத்துக்கு வர முடியவில்லை. பிறகு அந்த வருஷமே, உயரத்துக்கு வரம்பு கட்டி, உடம்போடு அசையாமல் பொருத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு இறக்கை மீண்டும் வந்தது.

கதையாக நான் எழுதியிருந்தால் அடுத்ததை வாசகர்கள் நம்பமாட்டார்கள். 1970 செப்டம்பர் 5-ஆம் தேதி மோன்ஸாவில் தகுதிச் சுற்று. நேர் சாலையில் வேகம் கூட்டுவதற்காக லோட்டஸ்காரர்கள் இறக்கைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ரிண்டும் இறக்கை இல்லாமலே ஓடினார். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தியபோது கார் திமிறி வேலியில் பாய்ந்தது, ரிண்ட் பிழைக்கவில்லை. முன் பிரேக்கின் தண்டு முறிந்ததே காரணம் என்பது பொதுவான முடிவு. ஆகவே இறக்கை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வருஷத்து உலக சாம்பியன் பட்டம், இறந்த பின் அவருக்கு வந்து சேர்ந்தது. வயது இருபத்தெட்டு.

இவ்வளவும் நடந்த பிறகுதான் நம்முடைய ஜெர்மன் கனவானின் டிக்கிக்கு வருகிறோம். தெருவில் ஓடும் கார்களைத் திருத்தி ஓட்டும் ஐரோப்பியப் பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ.வும் ஃபோர்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. யோஹென் நேர்பாஷ் என்பவரை ஃபோர்டிலிருந்தே இழுத்துக்கொண்டு வந்து, பந்தயப் பிரிவை பி.எம்.டபிள்யூ. ஒப்படைத்திருந்தது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்த்து, முன்னால் தாடை போல ஒரு தகடு, முன் மட்கார்டுகளின்மேல் இரண்டு விளிம்புகள், கூரையின் பின் ஓரத்தில் ஒரு பட்டை, டிக்கிமேல் பெரிய இறக்கை என்று ஏற்பாடு செய்தார்கள். ஆனால் பந்தய விதி என்ன சொல்கிறது? வாடிக்கைக்காரனுக்கு விற்காத எதையும் பந்தயக் காரில் மாட்டக்கூடாது. ஜெர்மன் சாலை விதி என்ன சொல்கிறது? அந்த இறக்கையோடு தெருவில் போகக்கூடாது. ஒரு சட்டம் விற்றே ஆகவேண்டும் என்கிறது. மற்றொன்று மாட்டவே கூடாது என்கிறது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் காலியாக இருந்த ஒரே இடம் டிக்கிதான்! காரோடு சேர்த்து விற்றாயிற்று. காரில் மாட்டவும் இல்லை. எந்த வக்கீலும் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக யோசித்திருக்க முடியாது.

1973 ஜூலையில் நூர்பர்க்ரிங்கில் ஆறு மணி நேரப் பந்தயத்தில், கிறிஸ் அமனும் ஹான்ஸ் ஸ்டூக்கும் ஓட்டிய இறக்கை வைத்த கார் ஜெயித்தது. அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டமும் டோய்ன் ஹெஸமன்ஸ் மூலம் அவர்களுக்கே வந்தது. 1975-லிருந்து 1979 வரை தொடர்ந்து ஐந்து வருஷமும் அந்தக் கார்தான். ஜனங்கள் அதற்கு 'பாட்மொபைல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போர்ஷேக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைத்த காரெரா ஆர்.எஸ். காரில், பின் மூடியையே வாத்தின் வால் போல மேல்நோக்கி வளைத்துவிட்டார்கள். (அந்தக் காரில் டிக்கி முன்னால், பின்னால் இருப்பது எஞ்சின்.) ஐந்நூறு விற்றால் போதும் என்று ஆரம்பித்தது, 1580 விற்றது.

சொந்தக் கையால் பொருத்திக்கொள்வது அப்படியொன்றும் பிரம்ம வித்தை அல்ல. டிக்கி மூடியின் இரு ஓரத்திலிருந்தும் அளந்து நடுவைக் குறிக்கவேண்டும். பெயிண்ட் உதிராமலிருக்க ஒட்டுக் காகிதம் ஒட்டி, முதலில் சின்னத் துளை, பிறகு பெரிய துளை. துளையின் விளிம்பில் பெயிண்ட் தடவாவிட்டால் அடுத்த மழைக்குத் துரு. தகடு மெல்லியதானால் உள்ளே பட்டை கொடுத்துத்தான் போல்ட்டை முடுக்கவேண்டும். ஒட்டுகிற ரகமானால் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கத் துடைத்துவிட்டு ஒட்டவேண்டும். பார்ஸிலோனாவில் முறிந்தது இறக்கையின் தத்துவமல்ல, அதைத் தாங்கிய கால்தான் என்பதை மட்டும் பையன்களுக்கு யாராவது சொன்னால் நல்லது. மற்றபடி நம் ஊர்க் கடைத்தெருவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நன்மையும் செய்யாது. அழகாயிருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அழகுக்காக அதை வேண்டாமென்று விட்டவர்களும் உண்டு. 1998-இல் ஔடி கம்பெனி டி.டி. என்ற காரை வெளியிட்டது. பின்புறம் கூழாங்கல் போல மழமழவென்று, ஒரு தகடுகூட இல்லாமல் வடிந்து முடியும். அத்தனை அழகு! ஜெர்மனியின் வேக வரம்பில்லாத சாலைகளில் அந்தக் கார்கள் நிலை தடுமாறிப் புரண்டன, சிலர் இறந்தார்கள். 2000-ஆம் வருஷத்தில், அதுவரை விற்ற கார்களையெல்லாம் கம்பெனி திரும்ப அழைத்து, அடிப்பாகத்தில் சில மாற்றங்கள் செய்து, டிக்கி மூடியின்மேல் ஒரு சின்ன ஸ்பாய்லரைப் பொருத்திக் கொடுத்தது. மெல்லிய உதடு மாதிரி, பார்த்தால் தெரியாத அளவுக்கு. அதற்கப்புறம் வந்த கார்களிலெல்லாம் அது பிறக்கும்போதே இருந்தது. அப்படியும், அழைப்புக்குப் போகாமல் பழைய உருவத்திலேயே தங்கிவிட்ட ஆரம்ப காலக் கார்கள் சில உண்டு. இன்றைக்கு அவற்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.