டிஸ்னியின் விடுதிகளும் ஓர் இரவின் விலையும்

2025ஆம் ஆண்டுக் கோடையில் பாரிஸில் வசிக்கும் என் தமக்கையின் மகள் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் பிள்ளைகளுடன் டிஸ்னிலாண்டிற்குப் போனோம். வடக்குப் புறநகரிலிருந்து இரண்டு ரயில் மாறி, மார்ன்-லா-வலே நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் எதிரே நின்றது ஓர் இளஞ்சிவப்பு மாளிகை. அதுதான் டிஸ்னிலாண்ட் ஹோட்டல். அதன் அடியால் நடந்துதான் பூங்காவுக்குள் நுழைய வேண்டும். ஏழு வயதுப் பேர்த்தி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இண்டைக்கு இரவு நாங்கள் இதுக்குள்ளயோ படுக்கப் போறம்?"

தாய்தான் பதில் சொன்னாள். "எங்கட வீடு கிட்டத்தானே குஞ்சு, ரயில் இருக்கு." இருபது ஆண்டுகளாகப் பாரிஸ் ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்யும் தகப்பன் என் பக்கம் சாய்ந்து, "மாமா, ரெண்டு இரவு படுத்தால் என்ர ஒரு மாதச் சம்பளமும் காணாது" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் கணக்குச் சொன்னார், அவ்வளவே.

அந்தக் கணக்கு எனக்குப் பழைய நினைவொன்றைக் கிளப்பிவிட்டது. 1992 ஏப்ரல் 12ஆந் திகதி 'யூரோ டிஸ்னி' என்ற பெயரில் அந்தப் பூங்கா திறக்கப்பட்டபோது நான் கொழும்பில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க மிக்கி எலி பிரெஞ்சுப் பண்பாட்டைத் தின்றுவிடும் என்று பாரிஸ் அறிஞர்கள் கொதித்த செய்திகளே தொலையச்சில் வந்து குவிந்தன. அவற்றையே வெட்டி ஒட்டிப் பிரசுரித்தோம். ஹோட்டல் அறைகளின் விலைபற்றியும் எங்கோ ஒரு பந்தி இருந்திருக்கும். இடம் போதாதென்று அதை நானே வெட்டியிருக்கவுங்கூடும். செய்தியின் மையம் அந்தப் பந்தியில்தான் இருந்ததென்பது அடுத்த ஆண்டு தெரிந்தது.

இந்தக் கதையைக் கலிபோர்னியாவிலிருந்து தொடங்க வேண்டும்.

1955 ஜூலை 17இல் அனஹைம் நகரில் முதலாவது டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 160 ஏக்கர் தோடந் தோட்டத்தை வாங்கி, 17 மில்லியன் டொலர் செலவில் பூங்காவைக் கட்டி முடித்தபோது வோல்ட் டிஸ்னியின் கையில் ஹோட்டல் கட்டப் பணமில்லை. எண்ணெய்த் தொழிலிலும் தொலைக்காட்சியிலும் பொருளீட்டிய ஜாக் ராதர் என்பவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் டிஸ்னிலாண்ட் ஹோட்டல் திறக்கப்பட்டது. 'டிஸ்னிலாண்ட்' என்ற பெயரை ஹோட்டலுக்குப் பயன்படுத்தும் உரிமையும் 99 ஆண்டுகளுக்கு ராதருக்கே போயிற்று. சொந்தப் பெயரைத் தாங்கிய ஹோட்டலில் டிஸ்னிக்கு உரித்தில்லை. போதாக்குறைக்குப் பூங்காவைச் சுற்றி ஹார்பர் புளவாட் நெடுகிலும் சிறுசிறு மோட்டல்கள் முளைத்தன. பகலில் டிஸ்னியிடம் வரும் குடும்பம் இரவுச் செலவைப் பக்கத்து வீதியில் செய்தது. வேண்டிய நிலத்தை வேளைக்கே வாங்காமற் போனோமே என்ற மனத்தாங்கல் டிஸ்னிக்குக் கடைசிவரை இருந்தது.

ராதர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1988இல், டிஸ்னி கம்பனி அவருடைய கம்பனியையே முழுதாக வாங்கி அந்த ஹோட்டலை மீட்டது. அதனோடு லோங் பீச்சில் நின்ற 'குயீன் மேரி' கப்பலையும், ஹவர்ட் ஹியூஸ் கட்டிய இராட்சத மரவிமானத்தையும் காட்சியிடமாக நடத்தும் பொறுப்பும் தலையில் வந்து விழுந்தது. ஒரு ஹோட்டலுக்கு இப்படியும் விலை கொடுத்தார்கள்.

அனஹைமில் கற்ற பாடத்தைப் புளோரிடாவில் பயன்படுத்தினார்கள். 1964, 65இல் ஓர்லாண்டோவுக்கு அருகே சதுப்பும் புதருமான நிலங்களைப் போலிப் பெயர்க் கம்பனிகள் வாங்கின. சேர்ந்தது ஏறத்தாழ 27,000 ஏக்கர். சராசரி விலை ஏக்கருக்கு 200 டொலருக்கும் குறைவு. யார் வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே புதிர். அதை அவிழ்த்தவர் ஒரு பத்திரிகையாளர் என்பதைச் சொல்லாமற் போக எனக்கு மனம் வரவில்லை. 'ஓர்லாண்டோ சென்றினல்' பத்திரிகையைச் சேர்ந்த எமிலி பவார் 1965 ஒக்டோபரில் கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்தபோது, நிலம் வாங்குவது நீங்கள்தானா என்று டிஸ்னியிடம் நேரடியாகவே கேட்டார். டிஸ்னி மழுப்பினார். ஆனால் மழுப்பும்போதே மத்திய புளோரிடாவின் மழைவீழ்ச்சி, உல்லாசப் பயணிகள் வருகை ஆகியவற்றைப்பற்றி அளவுக்கு மிஞ்சித் தெரிந்துவைத்திருந்ததையும் காட்டிக்கொண்டார். அம்மையாருக்கு அது போதுமாயிருந்தது. செய்தி வெளிவந்த அடுத்த மாதமே டிஸ்னி பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. நில விலை எங்கோ பறந்தது. அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று.

இம்முறை அயலவர் என்று ஒருவரும் கிட்ட இருக்கவில்லை. 1966 டிசம்பரில் வோல்ட் டிஸ்னி காலமானார். அடுத்த ஆண்டு புளோரிடா சட்டமன்றம் அந்த நிலத்துக்கென ஒரு தனி நிர்வாக மாவட்டத்தையே உருவாக்கிக் கொடுத்தது. 1971 ஒக்டோபர் 1இல் பூங்கா திறந்தபோது கொன்டெம்பரரி, பொலினீசியன் என்ற இரண்டு ஹோட்டல்களும் அதன் வாசலிலேயே இருந்தன. அன்றைய அறைக் கட்டணம் 50 டொலருக்குள் அடங்கியது. அமெரிக்காவில் விலைவாசி அன்றிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ எட்டு மடங்காகியிருக்கிறது. அந்தக் கணக்கில் 50 டொலர் இன்று 400 ஆகவேண்டும். இன்று அதே ஹோட்டல்களில் 500 டொலருக்குக் கீழ் ஓர் அறை கிடைப்பது அரிது. விடுமுறைக் காலத்தில் அதைவிட எவ்வளவோ கூட.

இந்த ஏற்றம் 1984இல் தலைமைக்கு வந்த மைக்கேல் ஐஸ்னரின் காலத்தில் வேகம் பிடித்தது. 1988இல் விக்டோரியா காலத்துக் கடற்கரை மாளிகையின் சாயலில் கிராண்ட் புளோரிடியன் எழுந்தது. மறுபக்கம் 1994இல் கையிற் காசு குறைந்தவர்களுக்கென ஓல்-ஸ்டார் வந்தது. கோயிலுக்குக் கிட்டியவீதி, தூரவீதி என்பதுபோல, பூங்காவுக்கு எவ்வளவு அண்மையோ அவ்வளவு விலை. அறை வாங்கியவருக்குச் சில சலுகைகளும் இருந்தன. 2005இல் தொடங்கிய விமானநிலைய இலவச பஸ் 2021 முடிவோடு நின்றது. வரிசையில் நில்லாமற் செல்லும் இலவச முறைக்குப் பதிலாக 2021இல் கட்டண முறை வந்தது. சலுகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோதிலும் அறை விலை இறங்கவில்லை.

இனிப் பாரிஸுக்கு வருவோம். 1983இல் திறந்த டோக்கியோ பூங்காவை டிஸ்னி சொந்தமாக வைத்திருக்கவில்லை. ஜப்பானியக் கம்பனியொன்று நடத்த, டிஸ்னிக்கு நுழைவுச் சீட்டில் 10 வீதமும் உணவிலும் பொருள்களிலும் 5 வீதமும் உரிமைப்பணமாகக் கிடைத்தது. பூங்கா பெருவெற்றி பெற்றது. இலாபத்தின் பெரும்பங்கு மற்றவர் பெட்டிக்குப் போயிற்று. அனஹைமில் நிலம் தவறியது, டோக்கியோவில் உரிமை தவறியது, மூன்றாவது தடவை எதுவுமே தவறக்கூடாது என்ற பிடிவாதத்தோடுதான் பிரான்சுக்குப் போனார்கள் என்பது என் எண்ணம். பாரிஸ் நகரத்தின் ஐந்திலொரு பங்கு பரப்புக்கு நிலம். முதல் நாளிலேயே ஆறு ஹோட்டல்கள், 5,200 அறைகள். பூங்காவில் வருவது போதாதென்றால் அறை வாடகையில் வரும். பிறகு ஹோட்டல்களையே விற்றும் இலாபம் பார்க்கலாம் என்பது திட்டம்.

பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், பார்த்தார்கள், பின்னேர ரயிலில் வீட்டுக்குப் போனார்கள். புளோரிடாவுக்கு விமானமேறி வரும் குடும்பத்துக்கு நாலைந்து இரவுகள் படுக்க இடம் தேவை. பாரிஸ்வாசிக்கு நாற்பது நிமிடத்தில் சொந்தக் கட்டில். தூரத்திலிருந்து வந்தவர்களும் ஓரிரவு தங்கி, மறுநாட் காலையில் எல்லோருமாகச் சேர்ந்து கணக்கு முடிக்க வரிசையில் நின்றார்கள். பாரிஸின் நடுவே ஈபல் கோபுரத்தைப் பார்த்தபடி படுக்கத் தருகிற விலையை, பீற்கிழங்கு விளைந்த வயலில் ஏன் தரவேண்டுமென்று அவர்கள் யோசித்ததில் பிழையில்லை. முதற் குளிர்காலத்திலேயே நியூபோர்ட் பே கிளப் என்ற பெரிய ஹோட்டலைப் பூட்டி வைத்தார்கள். பிரான்சில் கட்டட விலைகளும் வீழ்ந்திருந்தபடியால் ஹோட்டல்களை விற்கவும் வழியில்லை. கடனுக்கு வட்டி மட்டும் ஓடியது. 1993 நிதியாண்டில் நட்டம் 5.3 பில்லியன் பிராங். மறு ஆண்டு வங்கிகள் விட்டுக்கொடுக்க, சவூதி இளவரசர் அல்வலீத் பங்கு வாங்க, பூங்கா தப்பியது. 1995இல் நுழைவுக் கட்டணம் 250 பிராங்கிலிருந்து 195 ஆயிற்று, அறைகளின் விலையும் இறங்கியது. அவ்வாண்டுதான் முதன்முதலாக இலாபம் கண்டது.

விலை இறங்கினால் சனம் வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் நிரூபித்திருக்க முடியாது. ஆனாலும் 2022 மார்ச்சில் புளோரிடாவில் விண்கப்பல் ஹோட்டலொன்றைத் திறந்தார்கள். 'ஸ்டார் வோர்ஸ்' படக் கதைக்குள்ளேயே வாழ்வதுபோன்ற அனுபவம், 100 அறைகள், உண்மையான சாளரங்கள் கிடையா, திரைகளில் விண்வெளி தெரியும். இரண்டு இரவுகளுக்கு, இருவருக்கு ஏறத்தாழ 4,800 டொலர், நால்வர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 6,000 டொலர். போனவர்களிற் பலர் மெச்சினார்கள். போகக்கூடியவர்கள் எத்தனைபேர் என்பதுதான் கேள்வியாயிற்று. 2023 செப்டெம்பர் முடிவில் மூடிவிட்டார்கள்.

பாரிஸின் இளஞ்சிவப்பு மாளிகையோ நீண்ட திருத்த வேலைகளுக்குப் பின் 2024 ஜனவரியில் ஐந்து நட்சத்திர ஹோட்டலாக மீண்டும் திறந்திருக்கிறது.

நாங்கள் அன்றிரவு வாணவேடிக்கை முடிந்தபின் அதன் அடியாலேயே வெளியே வந்தோம். மேல்மாடிச் சாளரமொன்றில் இரவுடை அணிந்த இரண்டு பிள்ளைகள் கீழே போகிற சனத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். பேர்த்தியும் கையசைத்தாள். அவ்வாண்டுப் பாரிஸ் ரயில் சீட்டு ஒன்றின் விலை இரண்டரை யூரோ. காலையில் கட்டிய இடியப்பப் பார்சலில் மிச்சம் இருந்தது. ரயிலில் பிரித்துச் சாப்பிட்டோம். சின்னவள் என் மடியில் தலைவைத்து நித்திரையாகிவிட்டாள். தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார். காலை ஆறு மணிக்கு அவருக்கு வேலை. விருந்தினருக்கான காலைச் சாப்பாட்டை ஆயத்தப்படுத்த வேண்டும்.