மாமி வேடத்தில் அப்பா: தமிழ் நகைச்சுவைப் படங்களில் பிளவுண்ட குடும்பம்

தமிழ்த் திரைப்படம் குடும்பப் பிளவைப் பெரும்பாலும் கண்ணீருக்குரிய பொருளாகவே கையாண்டிருப்பினும், அதே பிளவைச் சிரிப்புக்குரியதாக்கிய ஒரு கிளை 1950களிலிருந்து இடையறாமல் வளர்ந்து வந்துள்ளது. இக்கிளையைச் சேர்ந்த படங்களுள் பலவற்றில் பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது அறிவுரையன்று, வேடமே ஆகும். உறவில் தனக்குரிய இடத்தை விட்டு ஒருவர் வேறோர் இடத்தில் நின்றுகொள்வதால், அதாவது காதலன் தந்தையாகவும் கணவன் மாமியாகவும் வந்து நிற்பதால், வீடு முதலில் குழம்பிப் பின்னர் தெளிகிறது. இவ்வுத்தியை இக்கட்டுரை முறைமாற்றம் என்னும் சொல்லால் குறிக்கிறது.

முறைமாற்றம் திரைப்படம் கண்டுபிடித்தது அன்று. சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் ஆவடிக்கு மேற்கே உள்ளதும் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றுமான திருநின்றவூரின் தலபுராணம், வைகுண்டத்தை விட்டுப் பிணங்கி வந்த திருமகள் அங்கே நின்றுவிட்டதாகவும், மகளை அழைத்துச் செல்ல வந்த தந்தை சமுத்திரராஜன் கெஞ்சியும் அவள் இணங்காததால் ‘என்னைப் பெற்ற தாயே’ என்று அவளையே அழைத்ததாகவும், பின்னர்ப் பெருமாளே நேரில் வந்து சேர்ந்ததாகவும் கூறுகிறது. அங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருநாமம் இன்றும் ‘என்னைப் பெற்ற தாயார்’ என்பதே. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை வழிக்குக் கொண்டுவர அப்பன் மகனாகிவிடும் இந்தக் கட்டம், பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தேர்ந்த நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் அமைத்த காட்சி போலவே உள்ளது. திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று நடைபெறும் மட்டையடி என்னும் ஊடல் விழாவில், உறையூர் சென்று திரும்பிய பெருமாளுக்குத் தாயார் கதவடைக்க, நம்மாழ்வார் நடுவராக வந்து இருவரையும் சேர்த்து வைப்பதும் இதற்கு நெருங்கியதே. எனினும் அங்கே தூது வருபவர் தம் சொந்தப் பெயரிலேயே வருகிறார்.

இப்புராணங்களிலிருந்து படங்கள் நேரே பிறந்தன என்று கூற ஆதாரம் இல்லை. அவற்றின் நேர் மூலம் நாடக மேடையே. ஆண்களே பெண் வேடம் புனைந்த நாடகக் கம்பெனிகளும், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை முதலான பயில்முறைச் சபைகளும் இரு வேறு வழிகளில் இதற்கு உரமிட்டன. கம்பெனி நாடகம் வேடத்தை வழங்கியது. சபா நாடகமோ கூடத்தை வழங்கியது. ஒரே அரங்க அமைப்பில், நாற்காலிகளும் இரண்டு மூன்று கதவுகளும் உள்ள ஒரு கூடத்தில் கதை முழுவதையும் நடத்த வேண்டிய கட்டாயம் இருந்ததால், பேசிக்கொள்ளாத உறவினர்கள் கூட ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டே தீர வேண்டியிருந்தது.

திரையில் இதன் தெளிவான தொடக்கமாக எல். வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’வைக் (1955) கொள்ளலாம். வங்க நாடகம் ஒன்றைத் தழுவிய அப்படத்தில், வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவருள் ஒருத்தியான மேரி, தனக்கு வேலை கொடுத்த ஜமீன்தாரின் தொலைந்துபோன மகளே என்று முடிவில் தெரியவருகிறது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) இதைக் கேலியின் உச்சிக்கே கொண்டு சென்றது. நண்பனுக்காகப் பணக்காரத் தந்தையாக வேடமிட்டு எஸ்டேட் முதலாளியின் வீட்டுக்குள் நுழையும் முத்துராமன், தான் காதலிக்கும் பெண் அதே முதலாளியின் மூத்த மகள் என்பதை அறிந்து திண்டாடுகிறார். ஸ்ரீதரே இயக்கிய ‘ஊட்டி வரை உறவு’ (1967) ஒரு படி மேலே சென்று, தந்தை மறைத்துவைத்த மகளின் இடத்தில் வேறொருத்தியை வீட்டுக்குள் புகுத்தியது.

1986இல் இவ்வோட்டம் திசை திரும்பியது. மேடையிலிருந்து வந்த விசு எழுதி, இயக்கி, நடித்த ஏவிஎம்மின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் பிளவுக்குக் காரணம் சம்பளக் கணக்கு. வீட்டுச் செலவுக்குத் தான் கொடுத்த பணத்துக்குக் கணக்குப் பேசும் மூத்த மகன் சிதம்பரத்துடன் (ரகுவரன்) மோதும் அம்மையப்ப முதலியார், வீட்டின் நடுவே கோடு கிழித்து அதை இரண்டாக்குகிறார். சபா நாடகத்தின் கூடத்தையே இரண்டாக அறுத்த அக்கோட்டைவிடச் சிக்கனமான அரங்க உத்தியைத் தமிழ்ப் படங்களில் காண்பது அரிது. இங்கே வேடமிட்டு வருபவர் எவரும் இல்லை. வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் மனோரமாவால், இரத்த உறவு இல்லாத காரணத்தாலேயே எல்லோரையும் உரிமையோடு அதட்ட முடிகிறது. பகை தீர்ந்த பின்னும் மூத்த மருமகள் உமா (லட்சுமி) தனிக்குடித்தனமே போதும் என்று முடிவெடுப்பது, அதுவரையிலான மரபுக்கு நேர்மாறானது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்து, சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகிய பின், இத்தகைய வரவு செலவுச் சண்டை பார்வையாளருக்குப் பழகிய ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதையும் அப்படம் பெற்றது.

எனினும் முறைமாற்றம் மறைந்துவிடவில்லை. சிங்கீதம் சீனிவாசராவின் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட நால்வரைக் கமல்ஹாசன் ஒருவரையே கொண்டு ஒரே வீட்டில் மோதவிட்டது. வசனம் எழுதியவர் மேடையிலிருந்து வந்த கிரேசி மோகன். அவரே வசனம் எழுதி, கே. எஸ். ரவிகுமார் இயக்கிய ‘அவ்வை சண்முகி’ (1996) இம்மரபின் முழு விளைச்சல் எனலாம். மணமுறிவு பெற்ற பாண்டியன் (கமல்ஹாசன்), மகளின் அருகில் இருப்பதற்காக மாமனார் விஸ்வநாத ஐயரின் வீட்டுக்கே மாமி வேடத்தில் வேலைக்குச் செல்ல, மாமனார் (ஜெமினி கணேசன்) அந்த மாமியின் மீதே மையல் கொள்கிறார். அதே வீட்டுச் சமையற்கட்டில் பாஷா (நாசர்), பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் ஊமை ஐயராக நடித்துக்கொண்டிருக்கிறார். அவ்வையார் வேடத்தால் அவ்வை சண்முகம் என்றே பெயர் பெற்ற டி. கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் இளமையில் இருந்தவர் கமல்ஹாசன் என்பதால், படத்தின் பெயர் கம்பெனி நாடகத்துக்குச் செலுத்திய நன்றிக்கடனும் ஆகிறது. மூலமான அமெரிக்கப் படம் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993) பெற்றோரைப் பிரிந்த நிலையிலேயே விட்டுவிட, தமிழ்ப் படமோ கணவனையும் மனைவியையும் சேர்த்து வைத்தே முடிகிறது. பத்தாண்டுகளுக்கு முன் விசு காட்டிய துணிவைவிட இது பின்னடைவே என்றாலும், சிரிப்பின் செறிவில் இதற்கு இணையான படங்கள் மிகச் சில.

முறைமாற்றம் இன்றியே குடும்பப் பிளவைச் சிரிப்பாக்கும் போக்கும் உண்டு. வெஸ் ஆண்டர்சனின் ‘தி ராயல் டெனன்பாம்ஸ்’ (2001), வயிற்றுப் புற்றுநோய் என்று பொய் சொல்லிக் குடும்பத்துக்குள் திரும்பும் தந்தையைக் காட்டியது. அங்கே உறவின் இடம் மாறவில்லை; தந்தை தந்தையாகவே இருந்து ஏமாற்றுகிறார். கோமாளித்தனத்தை வெளியாளிடமிருந்து எடுத்துத் தந்தையிடமே கொடுக்கும் இப்போக்குக்குத் தமிழில் நெருங்கி நிற்பது ஹலிதா ஷமீமின் ‘ஏலே’ (2021). ஊரையே ஏய்த்துத் திரியும் ஐஸ் வியாபாரி முத்துக்குட்டியின் (சமுத்திரக்கனி) சாவுக்கு ஊர் திரும்பும் மகன் பார்த்தி (மணிகண்டன்), தந்தை மீதிருந்த கசப்பால் அழாமல் நிற்கிறான். சாவு வீட்டையே நகைச்சுவைக் களமாக்கிய இப்படம் திரையரங்குகளை எட்டவில்லை, 28.2.2021 அன்று ஸ்டார் விஜய் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று.